குழந்தைகளுக்காக ஏறிய மலை

1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பழனி மலையில் ஏழாயிரம் அடி உயரத்தில், சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. ஒன்றுக்கு சன்னிசைட் என்று பெயர், மற்றொன்றுக்கு ஷெல்டன். இன்று கொடைக்கானல் என்று நாம் சொல்லும் ஊரின் முதல் பங்களாக்கள் இவைதான். அந்த மாதம் ஆறு குடும்பங்கள் மலையேறிக் குடிவந்தன. வந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் அல்ல, தோட்ட முதலாளிகளும் அல்ல. 1834 முதல் மதுரையில் வேலை செய்துவந்த அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமாரும் அவர்கள் மனைவி மக்களும்தான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூண்டு வண்டிகளில் சட்டிபானை, விதைதானியம், பைபிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேற்கே ஓரிகனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. 1843-ல் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரே கூட்டமாகக் கிளம்பினார்கள். அமெரிக்கச் சரித்திரம் அவர்களைத்தான் முன்னோடிக் குடும்பங்கள் என்று கொண்டாடுகிறது. அவர்களைப் போன்ற வீடுகளிலிருந்தே, அதே பக்தியோடும் அதே பிடிவாதத்தோடும், சிலர் கிழக்கே கப்பல் ஏறினார்கள். பாஸ்டன் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி மெட்ராஸ் கடற்கரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. பனிக்கட்டி வந்த கடல்வழியில் குடும்பங்களும் வந்தன.

மலைக்கு அவர்களை விரட்டியது சாவு. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கோடைதோறும் காலரா வந்தது, மழை ஓய்ந்தால் காய்ச்சல் வந்தது. கொசுவால் மலேரியா பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. அது தெரியவர இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். நல்ல காற்று எங்கே கிடைக்கும் என்று தேடி, பக்கத்திலிருந்த சிறுமலையை முதலில் பார்த்தார்கள். உயரம் போதவில்லை, அங்கும் காய்ச்சல் துரத்தியது. அதற்குப் பிறகுதான் பழனி மலை.

மலை காலியாகக் கிடந்தது, இவர்கள் வந்து கண்டுபிடித்தார்கள் என்று இன்றும் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அது சரியல்ல. 1821-லேயே லெப்டினன்ட் பி.எஸ். வார்டு நில அளவைக்காக வெள்ளகவியிலிருந்து மேலே ஏறினார். நல்ல சீதோஷ்ணம், ஒழுங்கான கிராமங்கள், சுமார் நாலாயிரம் மக்கள் என்று அவர் அறிக்கை கொடுத்தார். மேல்மலையில் பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும் அப்போதே பழைய ஊர்கள். குன்னுவர் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். பளியர் காட்டில் தேனெடுத்துக்கொண்டிருந்தார்கள். தாண்டிக்குடிப் பக்கம் கிடக்கும் கற்திட்டைகளோ, இவர்கள் எல்லோருக்கும் முன்னே வாழ்ந்தவர்களின் ஈமச்சின்னங்கள். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் செண்பகனூரில் ஒரு சின்ன பங்களா கட்டினார். இரண்டு ஆண்டு கழித்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். அமெரிக்கர்கள் செய்தது குடும்பத்தோடு வந்து தங்கியது. ஊர் உருவாவதற்கு அதுதான் வேண்டியிருந்தது.

இப்படி வந்த அமெரிக்கர்களில் நான்கு தலைமுறைக்கு நம் மண்ணைப் பிடித்துக்கொண்ட குடும்பம் ஸ்கடர் குடும்பம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியால் தமிழ்நாட்டில் இந்தப் பெயர் தெரியாதவர் குறைவு. ஆனால் கதை வேலூரில் தொடங்கவில்லை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல பெயரெடுத்துக்கொண்டிருந்த டாக்டர். ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த மிஷன் துண்டுப்பிரசுரம் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1819 ஜூன் மாதம் மனைவி ஹாரியட்டோடும் கைக்குழந்தையோடும் பாஸ்டனில் கப்பலேறினார். கப்பல் கல்கத்தா வந்துசேர்ந்தது. குழந்தை மரியா அங்கேயே இறந்துபோனாள். யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகும் இன்னொரு பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தார்கள். ஊர் திரும்பிவிடலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். அவர்கள் பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள்.

ஹாரியட்டைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற பெண் அவர். கணவர் ஊர் ஊராகப் போய் மருந்தும் பிரசங்கமும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகளையும் தாங்கியவர் அவரே. 1849-ல் மெட்ராஸில் இறந்தார். வளர்ந்து ஆளான பிள்ளைகளில் ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் இந்தியாவுக்கே வேலைக்குத் திரும்பினார்கள். 1853-ல் ஆற்காடு மிஷனை உண்டாக்கியவர்கள் அவருடைய மூன்று மகன்கள், ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப். குடும்பத்தின் நான்கு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மிஷன் வேலை செய்தார்கள். அவர்கள் உழைத்த ஆண்டுகளைக் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

டாக்டர் ஜான் ஸ்கடரும் கடைசிக் காலத்தில் சிறிது காலம் மதுரை மிஷனுக்கு மருத்துவ உதவி செய்தார். டாக்டர் இல்லாத மிஷன் என்ன பாடுபட்டது என்பது அவருக்கு அங்கே நன்றாகத் தெரிந்திருக்கும். உடல்நலம் தேடி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனவர், 1855 ஜனவரியில் அங்கேயே காலமானார்.

கொடைக்கானலுக்கு ஏறுவதென்றால் அன்றைக்கு என்ன பாடு என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1875-ல் ரயில் வந்து அம்மையநாயக்கனூரில் நிற்கத் தொடங்கும்வரை, மதுரையிலிருந்தே மாட்டுவண்டிதான். வெயில் தாங்காது என்பதால் இரவெல்லாம் வண்டி உருளும். வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்திருப்பார்கள். பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. விடிகாலையில் அங்கே இறங்கினால் வண்டிப்பாதை முடிந்துவிடும். மேற்கொண்டு பன்னிரண்டு மைல், செங்குத்தான ஒற்றையடிப் பாதை. திடமானவர்கள் நடப்பார்கள், சிலர் மட்டக்குதிரையில் போவார்கள். கர்ப்பிணிகளும் நோயாளிகளும் பிள்ளைகளும் டோலியில்.

டோலி என்பது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. இரண்டு நீண்ட மூங்கில்களுக்கு நடுவே ஒரு நாற்காலி கட்டியிருக்கும். முன்னால் சிலர், பின்னால் சிலர் தோள்கொடுப்பார்கள். தோள் மாற்றிக்கொள்ள இன்னொரு கூட்டம் கூடவே ஏறும். வளைவு திரும்பும்போது முன்னே போகிறவன் குரல் கொடுக்க வேண்டும், பின்னே வருகிறவன் அதற்கேற்றபடி காலை வைக்க வேண்டும். ஒருவன் கால் வழுக்கினால் நாற்காலியோடு எல்லோரும் பள்ளத்தில். இப்படித்தான் மேஜையும் பியானோவும் புத்தக அலமாரியும் கண்ணாடி ஜன்னலும் மலையேறின. லாஸ் காட் ரோடு என்கிற மலைப்பாதையை மேஜர் லா 1870-களிலேயே வகுத்துக் கொடுத்தாலும், பணப் பற்றாக்குறையாலும் தாமதத்தாலும் 1916-ல்தான் வண்டிகள் மேலே வர வழி பிறந்தது. ஆக, எழுபது ஆண்டுகள் கொடைக்கானல் மனிதத் தோள்களின்மேல் கட்டப்பட்ட ஊர். பங்களாவுக்குப் பெயர் வைத்தவர் யார் என்று ஏட்டில் இருக்கிறது. அதன் உத்தரத்தைச் சுமந்து ஏறியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. குடும்ப சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாவிப் போய்விடக் கூடாது.

மெல்ல மெல்ல ஊர் வளர்ந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் பெயரால் இன்று பிரபலமாக இருக்கும் நடைபாதை வந்தது. 1901 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 1,912. ஆங்கிலேயருக்கு ஊட்டியும் குன்னூரும் இருந்தன. அமெரிக்கருக்குக் கொடைக்கானலே மலைவீடு. ஆற்காடு மிஷன்காரர்களும் கோடைக்கு இங்கேதான் வந்தார்கள்.

இந்தக் குடும்பங்களில் தமிழ் நேரடியாகக் கடன்பட்டிருக்கும் சிலர் உண்டு. 1847-ல் மதுரைக்கு வந்த ஜான் சாண்ட்லரின் மகன் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். பெயரிலேயே பழைய டாக்டரின் ஞாபகம் இருக்கிறது. 1849-ல் பிறந்தார், பிறந்த ஊர் மதுரை. அமெரிக்காவில் யேல் கல்லூரியில் படித்துவிட்டு 1873-ல் திரும்பிவந்தார். மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை 1912-ல் புத்தகமாக எழுதினார். மறு ஆண்டே இன்னும் பெரிய வேலை தேடிவந்தது. சென்னை அரசு ஏற்பாடு செய்த தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியர் அவர்தான். 1913-ல் அகராதி அலுவலகம் மதுரையில் தொடங்கியது. மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் கூட உட்கார்ந்தார்கள். அதற்கு அடித்தளமாக வைத்துக்கொண்ட நூல் 1862-ல் வெளிவந்த மிரன் வின்ஸ்லோவின் அகராதி. வின்ஸ்லோவும் யாழ்ப்பாணம் வழியாக மெட்ராஸ் வந்த அமெரிக்கப் பாதிரியார். சாண்ட்லர் 1922-ல் விலகினார். பிறகு எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு 1936-ல் முடித்துக் கொடுத்தார். இன்றும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிக் கணினியில் தட்டுகிற தமிழாசிரியர், மதுரையில் பிறந்த அந்த அமெரிக்கப் பிள்ளையின் உழைப்பைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

பசுமலைப் பள்ளியைத் தொடங்கிய வில்லியம் டிரேசியின் மகன் ஜேம்ஸ் டிரேசியும் இப்படி ஒருவர். தந்தையின் வேலையைத் தொடர்ந்துகொண்டே, பாண்டியர் செப்புக்காசுகளைச் சேகரித்து ஆராய்ந்தார். 1880-களின் இறுதியில் அவர் எழுதிய கட்டுரைகள் பாண்டிய நாணய ஆராய்ச்சியின் ஆரம்பகால முயற்சிகளில் சேரும்.

கிளைகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. வின்ஸ்லோவின் மகளை மணந்தவர் மெட்ராஸில் வேலை செய்த ஜான் வெல்ஷ் டல்லஸ். அவர்களுடைய பேரன்கள் இருவர்: அமெரிக்க வெளியுறவு மந்திரியாக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சி.ஐ.ஏ. தலைவராக இருந்த ஆலன் டல்லஸ். மதுரையில் பாதிரியாராக இருந்த ஃபெர்டினண்ட் வார்டின் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்கா திரும்பிய பிறகு பிறந்த அவர் மகன், அதே பெயர்கொண்டவர், நியூயார்க்கில் பங்கு வியாபாரத்தில் மோசடி செய்து 1884-ல் முன்னாள் ஜனாதிபதி கிராண்டையே திவாலாக்கினார். பக்தியுள்ள வீட்டில் பிறந்தால் பிள்ளையும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மலை ஓரளவு பதில் சொன்னது. இன்னொரு துக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பதில் கிடைக்கவில்லை. அது பிரிவு. ஆயாவின் இடுப்பில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள் பத்து வயதை எட்டும்போது, படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிடப்படுவார்கள். நாலைந்து மாதப் பயணம். கடிதம் எழுதி பதில் வர ஒரு வருடம்கூட ஆகும். பெற்றோரை அடுத்துப் பார்க்கும்போது மீசை முளைத்திருக்கும், சில சமயம் பார்க்கவே கொடுத்துவைக்காது. ஸ்கடர் வீட்டு மூத்த பிள்ளைகள் இப்படிப் போனவர்கள்தான். பேத்தி ஐடா ஸ்கடருக்கும் இதே விதி வாய்த்தது. 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. 1880-களில் அவரைச் சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு, முதலில் அப்பாவும் பிறகு அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஷன் வாழ்க்கையே வேண்டாம் என்று அந்தப் பெண் உறுதியாக நினைத்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பிரிவுக்கு முடிவு கட்டியவர் இன்னொரு தாய். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லெவன்வொர்த் என்று ஓர் ஊர். 1854-ல் உருவான குடியேற்றம், மேற்கே போகிறவர்கள் மூட்டை கட்டும் எல்லையூர். அங்கே வளர்ந்தவர் ஷெர்வுட் எடி. 1896-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக இந்தியா வந்தார், தமிழ் கற்றார். பிற்பாடு தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் உயிர்த்தோழரானார். மகனைப் பார்க்க வந்த அம்மா மார்கரெட் எடி, கோடையில் மலையில் கூடிய தாய்மாரின் மனப்பாரத்தைக் கண்டார். பிள்ளைகளை இங்கேயே படிக்கவைக்க ஒரு பள்ளி இருந்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. ஹைகிளர்க் என்ற பழைய ஹோட்டலைப் பிடித்தார்கள். 1901 ஜூலை 1-ஆம் தேதி பதின்மூன்று பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. முதல் தலைமையாசிரியை மார்கரெட் எடிதான். எல்லையூரிலிருந்து வந்த பெண்ணுக்கு, ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைத் தொடங்குவது பெரிய மலைப்பாக இருந்திருக்காது.

பள்ளியின் கால அட்டவணையைப் பார்த்தாலே அதன் நோக்கம் விளங்கும். நம் ஊர்ப் பள்ளிகளுக்குச் சித்திரை வெயிலில் பெரிய லீவு. அங்கே அந்நாளில் அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பெரிய லீவு. கீழே வெயில் தணிந்திருக்கும் அந்த மாதங்களில் பிள்ளைகள் இறங்கி மதுரைக்கோ வேலூருக்கோ போவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோர் மேலே ஏறிவருவார்கள். ஆக வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் குடும்பம் ஒன்றாயிருக்கும். கப்பல் பிரிவை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

ஐடாவின் மனம் மாறிய கதை தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்டது. தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் தனித்தனியே வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொன்னார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் கூடாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். அவர் வேலூரில் வேலை தொடங்கிய 1900-லேயே அப்பா இறந்துவிட்டார். துணையில்லாத இளம் டாக்டர் 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதல் வகுப்பில் 14 பெண்கள் 1922-ல் தேர்வெழுதி அத்தனை பேரும் தேறினார்கள். இந்தப் பெருமை அவர்களுக்கும் உண்டு. வீட்டைவிட்டு வெளியே வந்து பிணத்தை அறுத்துப் படித்த அந்தப் பெண்களின் துணிச்சலை ஸ்கடர் புராணங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இத்தனை வேலைக்கும் நடுவே ஐடா மூச்சுவிட்டுக்கொண்ட இடம் கொடைக்கானல். ஹில்டாப் என்ற அவருடைய வீடு மலைச்சரிவைப் பார்த்து நின்றது. ரோஜாத் தோட்டம் போட்டார், விருந்தாளிகளை நிரப்பிக்கொண்டார், அறுபது தாண்டியும் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1946-ல் ஓய்வுபெற்ற பிறகு ஹில்டாப்பே அவருடைய நிரந்தர வீடானது. வேலூரில் அவர் யாருக்கும் தாயல்ல, ஆனாலும் ஊருக்கே அத்தை. அங்கே குடும்பப் பெயரைத் தொடர்ந்தவர் அண்ணன் வழிப் பிள்ளையான கதிரியல் டாக்டர் ஐடா பி. ஸ்கடர். 1960 மே மாதம், எண்பத்தொன்பது வயதில், பெரிய ஐடா ஹில்டாப்பிலேயே காலமானார்.

இந்தக் குடும்பங்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மதுரை மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில். ஐடாவின் தாள்கள் அதே பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில். எந்தப் பேரப்பிள்ளையும் அங்கே போய்த் தன் பாட்டியின் கையெழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

டோலி தூக்கியவரின் பேரப்பிள்ளைக்கு அப்படி ஓர் அறை கிடையாது. அவர் குடும்பக் கதை இருக்குமானால் வாய்மொழியாகத்தான் இருக்கும், வெள்ளகவியிலும் வில்பட்டியிலும் பெரியகுளத்துத் தெருக்களிலும். எந்த வளைவில் தோள் மாற்றினார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள், ஒரு ஏற்றத்துக்குக் கூலி என்ன, ஆயா வேலைக்குப் போன பாட்டி எந்தப் பங்களாவில் இருந்தாள், வெள்ளைக்காரக் குழந்தைக்கு என்ன தாலாட்டுப் பாடினாள் என்பதையெல்லாம் தாத்தா சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கலாம், அவர்களும் மூப்படைந்துவிட்டார்கள். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் எத்தனையோ கல்லூரிகளில் வரலாற்றுத் துறை இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பேசியோடு ஒரு கோடை விடுமுறை மலையேறி, இந்தக் கிழவர்களையும் கிழவிகளையும் பேசவைத்துப் பதிவு செய்தால், கொடைக்கானலின் முதல் எழுபது ஆண்டுச் சரித்திரத்தில் இதுவரை எழுதப்படாத பாதி கைக்கு வரும்.